மலையூரில் வேலைக்குத் திரும்பும் அம்மாவுக்கு: தாய்ப்பாலைப் பீய்ச்சி, பத்திரப்படுத்தி, ஊட்டும் முறை

பேறுகால விடுப்பு முடிகிற வாரத்தில் பல வீடுகளுக்குள் பால் பவுடர் டப்பா வந்துவிடுகிறது. அம்மாவுக்குப் பால் குறைந்துவிட்டது என்பதல்ல, ஆயத்தம் தாமதமாகிவிட்டது என்பதுதான் பெரும்பாலும் காரணம். திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டும், வெள்ளிக்கிழமை பம்ப் வாங்குகிறோம் என்றால் அந்த மூன்று நாளில் எதுவும் பழகாது. அம்மாவின் உடம்பும் பழகாது, குழந்தையும் பழகாது, வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகும் பாட்டியும் பழகமாட்டார்.

நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கத்திலும் இன்னொரு சிக்கல் உண்டு. “குளிர் ஊர்தானே, பால் எங்கே கெடப்போகிறது?” என்ற நம்பிக்கை. அது பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் தவறுகள் நடக்கின்றன. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். இதிலுள்ள அளவுகள் நிறைமாதத்தில் பிறந்து நலமாக இருக்கும் குழந்தைக்கானவை. குறைமாதக் குழந்தைக்கும் நோயுற்ற குழந்தைக்கும் மருத்துவர் சொல்வதே கணக்கு.

1. வேலைக்குச் சேருவதற்கு 5 வாரம் முன்: நேரக் கணக்கு

ஒரு தாளில் மூன்று நேரங்களை எழுதுங்கள்: வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரம், திரும்பி வாசலில் கால் வைக்கும் நேரம், நடுவில் கிடைக்கும் இடைவேளைகள். அலுவலக நேரத்தை மட்டும் எழுதிவிட்டுப் பஸ் நேரத்தை விட்டுவிடுவது இங்கே அதிகம் நடக்கிற தவறு. கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு வேலைக்குப் போகிறவருக்கு, பனிமூட்டமோ சீசன் நெரிசலோ இருந்தால் திரும்பும் நேரம் எளிதில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அந்த ஒரு மணி நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் உரிமைகளையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். தனியார் நிறுவனங்களில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு. அதில் 8 வாரம் வரை பேறுக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவருக்குப் பிறந்தபின் 18 வாரம்தான் மிஞ்சும், அதாவது குழந்தைக்கு நான்கு மாதம் சொச்சம். வேலைக்குத் திரும்பியபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். ஓய்வு நேரத்தையும் சேர்த்து நாளுக்கு நான்கு முறை அம்மா அங்கே போய்வரலாம்.

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு கிரீச் (குழந்தைகள் காப்பகம்) பக்கத்திலேயே இருந்தால், பீய்ச்சி வைப்பதைவிட நேரில் போய்ப் பால் கொடுப்பதே மேல். பறித்த கொழுந்தை எடை போடும் இடைவேளையை அதற்கு ஒதுக்கித் தரும்படி மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மருந்து அடித்த பாத்தியில் வேலை பார்த்த நாளில் கையையும் மார்பையும் சோப்புப் போட்டுக் கழுவி, இடுப்புப் படுதாவை அவிழ்த்து, மேலுடையை மாற்றிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

2. சாமான்கள்

மூடியுள்ள சிறு பாத்திரங்கள் ஆறு வேண்டும். எவர்சில்வர், கண்ணாடி, உணவுத் தர பிளாஸ்டிக் எதுவானாலும் சரி, 100 முதல் 120 மில்லி கொள்ள வேண்டும். பெரிய பாத்திரம் வேண்டாம். ஒருமுறை ஊட்ட எடுத்த பாலில் மீந்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், பாத்திரம் பெரிதானால் வீணும் பெரிதாகும்.

இரண்டு பாலாடை, அதாவது குழந்தைக்குப் பால் ஊட்டும் மூக்குவைத்த சிறு கிண்ணம். சங்கு இருந்தாலும் சரி. ஃபீடிங் பாட்டில் வாங்காதீர்கள். பாட்டிலின் ரப்பரிலிருந்து பால் தானாக வழிவதால், மார்பில் இழுத்துக் குடிக்கச் சில குழந்தைகள் பிறகு சோம்புகின்றன. அதைவிட முக்கியம், ரப்பரின் உள்மடிப்பையும் பாட்டிலின் கழுத்தையும் சரியாகக் கழுவுவது கடினம். பாலாடையில் கையும் கண்ணும் எட்டாத இடமே இல்லை.

கெட்டியான குளிர்காப்புப் பை ஒன்று, ஐஸ் பேக் நான்கு. இரண்டு பையில் இருக்கும்போது இரண்டு ஃபிரீசரில் இருக்கும். ஃபிரிட்ஜுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று. இந்தப் பட்டியலில் எல்லோரும் தவிர்ப்பது இதைத்தான், ஆனால் மலையூரில் மிகவும் தேவைப்படுவதும் இதுதான். காரணம் அடுத்த பகுதியில்.

பம்ப் கட்டாயமில்லை. கையால் பீய்ச்சத் தெரிந்தவருக்குச் செலவும் இல்லை, கழுவும் வேலையும் இல்லை. இடைவேளை 20 நிமிடத்துக்குள் என்றால் மட்டும், இரு மார்பிலும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்சார பம்ப் உதவும்.

3. ஃபிரிட்ஜைச் சோதித்தல்

ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் உள்ளே சூடு ஏறினால்தான் ஓடும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் சமையலறையே 10 டிகிரிக்குக் கீழே போகும்போது, கீழ்த்தட்டுக்குச் சூடே ஏறாது. கம்ப்ரசரும் நெடுநேரம் ஓடாது. ஒரே ஒரு கட்டுப்பாட்டுத் திருகு உள்ள ஃபிரிட்ஜ்களில் இதன் விளைவு விசித்திரமாக இருக்கும்: கீழே பால் சில்லென்றிருக்க, மேலே ஃபிரீசரில் ஐஸ் மெல்ல இளகும். குளிர் ஊர் என்பதாலேயே உறைந்த பால் உருகிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க வழி எளிது. ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃபிரீசரிலேயே விடுங்கள். ஒரு வாரம் கழித்து நாணயம் மேலேயே இருந்தால் ஃபிரீசர் ஒழுங்காக இருக்கிறது. பனிக்கட்டிக்குள் இறங்கியிருந்தால், இடையில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அந்த ஃபிரீசரை நம்பிப் பால் சேமிக்க வேண்டாம். ஃபிரிட்ஜைக் குளிரான பின்கட்டிலிருந்து வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றிப் பார்த்து, மீண்டும் ஒரு வாரம் சோதியுங்கள்.

கீழ்த்தட்டில் வெப்பமானியை வைத்து, காலை, மாலை இரண்டு வேளையும் பாருங்கள். 4 டிகிரி அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். பாலை வைக்கும் இடம் நடுத்தட்டின் உட்பக்கம். கதவுத் தட்டில் வைக்கக் கூடாது. திறக்கும்போதெல்லாம் சூடு மாறுவது அங்கேதான்.

4. கொதிக்கவைப்பதில் உயரத்தின் கணக்கு

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் 1 டிகிரி குறையும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியிலும், 2,130 மீட்டர் அளவில் இருக்கும் கொடைக்கானலிலும் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே தளதளவென்று கொதித்துவிடும். குன்னூரில் 94. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாததற்கும் இதுதான் காரணம்.

ஆகவே சமவெளியில் அம்மா வீட்டில் கற்றுக்கொண்ட 10 நிமிடக் கணக்கை இங்கே நீட்டிக்கொள்ளுங்கள். பாலாடை, பாத்திரம், மூடி, பம்பின் பால் படும் பாகங்கள் எல்லாவற்றையும் முதலில் சோப்பு நீரில் கழுவி, முழுக்க மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, கொதி வந்தபின் 15 நிமிடம் வைக்கலாம். கொதி வருமுன் கழிந்த நேரம் கணக்கில் சேராது. கழுவாமல் கொதிக்கவைத்தால் பாலின் கொழுப்பு அப்படியே வெந்து ஒட்டிக்கொள்ளும், கிருமிக்கு அதுவே இருப்பிடம்.

எவர்சில்வர் பாத்திரமும் பாலாடையும் மட்டும் என்றால் பிரஷர் குக்கரில் ஆவியில் வைப்பது இன்னும் நல்லது. வெயிட் போட்ட குக்கருக்குள் சூடு மலையிலும் நூறைத் தாண்டிவிடும். பம்பின் பிளாஸ்டிக் பாகங்களைக் குக்கரில் வைக்காதீர்கள், நெளிந்துவிடும். பம்பின் குழாயையும் மோட்டாரையும் எதிலும் கொதிக்கவைக்கக் கூடாது.

அடுத்த தொல்லை உலர்த்துவது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊட்டியிலும் கூடலூரிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கமும் எதுவும் தானாகக் காயாது. ஈரத்தோடு மூடிவைத்த பாத்திரத்தில் இரண்டு நாளில் பூஞ்சணம் வாடை வரும். கைக்குட்டையால் துடைத்தால் கொதிக்கவைத்த பலன் போய்விடும். கொதிநீரிலிருந்து இடுக்கியால் எடுத்து நன்றாக உதறி, கவிழ்க்காமல் சூட்டோடு நிமிர்த்தி வையுங்கள். பாத்திரத்தின் சூடே பெரும்பகுதி ஈரத்தை இழுத்துவிடும். பம்புக் குழாயின் உள்ளே நீர்த்துளி தெரிந்தால், பாலெடுத்து முடித்தபின் வெறும் பம்பை இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். உள்ளே கறுப்புப் புள்ளி தெரிந்தால் குழாயைக் கழுவிப் பார்க்காமல் புதிது வாங்க வேண்டியதுதான்.

5. 4 வாரம் முன்: பீய்ச்சப் பழகுதல்

நாளுக்கு ஒரு முறை போதும். காலை முதல் பால் கொடுத்து அரை மணி நேரம் கழித்து எடுங்கள். பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் இரவிலும் விடிகாலையிலும்தான் அதிகம். முதல் நாட்களில் 20, 30 மில்லிதான் வரும். குழந்தை குடித்து முடித்தபின் எடுக்கிற மிச்சப் பால் அது, அதை வைத்து உங்கள் பால் எவ்வளவு என்று முடிவுகட்ட முடியாது. இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து பவுடருக்குப் போகிறார்கள். தொடர்ந்து எடுத்தால், கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று மார்பு புரிந்துகொள்ளும், அளவும் ஏறும்.

குளிரில் பால் இறங்கத் தாமதமாகும். கையும் தோளும் சில்லிட்டிருந்தால் பம்பை எவ்வளவு கூட்டி வைத்தாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முதலில் கையைச் சோப்புப் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். தோளுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், முன்பக்கம் பொத்தான் வைத்தது வசதி. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூன்று நான்கு நிமிடம் மார்பில் ஒற்றி, விரல் நுனிகளால் மெதுவாக வருடிவிட்டுத் தொடங்குங்கள்.

கையால் பீய்ச்சும்போது கட்டைவிரல் காம்புக்கு மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பின் அடியிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு இரு விரலையும் சேர்த்து அமுக்கி, விடுங்கள். தோலின் மேல் விரலை இழுக்காதீர்கள், காம்பைப் பிடித்து நசுக்காதீர்கள். பால் காம்பில் இல்லை, பின்னால் இருக்கிறது. ஒரு பக்கம் 3 முதல் 5 நிமிடம், பிறகு மறுபக்கம், மறுபடி முதல் பக்கம். விரல்களின் இடத்தைச் சுற்றிலும் மாற்றிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 20 முதல் 30 நிமிடம்.

பம்ப் என்றால் 15 முதல் 20 நிமிடம். இழுவிசையை உச்சத்தில் வைப்பதால் பால் கூடாது, வலி வந்தால் இறங்குகிற பாலும் நின்றுவிடும். காம்பு புனலின் பக்கச் சுவரில் உரசினால் புனல் சிறியது, கருவட்டம் முழுவதும் உள்ளே இழுபட்டால் பெரியது.

6. எவ்வளவு சேமிக்க வேண்டும்?

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒன்று முதல் ஆறு மாதம் வரை நாளுக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கும். பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 மில்லி என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். காலை 8 மணிக்குப் போய் மாலை 6 மணிக்கு வந்தால் 300 மில்லி, மூன்று நான்கு வேளையாக.

ஃபிரீசர் நிறையப் பால் சேர்க்க வேண்டியதில்லை. முதல் நாளுக்கு 300 மில்லியும், அவசரத்துக்கு இன்னொரு 300 மில்லியும் இருந்தால் போதும். திங்களன்று வேலையிடத்தில் எடுத்த பால் செவ்வாய்க்கு, செவ்வாய்ப் பால் புதனுக்கு, வெள்ளிப் பால் அடுத்த திங்களுக்கு. சுழற்சி தொடங்கிவிட்டால் இருப்பைத் தொடவே வேண்டியிராது.

ஒவ்வொரு பாத்திரத்திலும் 60 முதல் 90 மில்லி ஊற்றி, தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். உறையவைப்பதானால் மேலே ஒரு அங்குலம் காலியாக விடுங்கள், உறையும்போது பால் விரியும். புதிதாக எடுத்த சூடான பாலை ஏற்கெனவே குளிர்ந்த பாலில் நேராக ஊற்றாமல், தனியாகக் குளிரவைத்தபின் சேர்க்க வேண்டும்.

கால அளவுகள் இவை. 25 டிகிரிக்குள் உள்ள அறையில் 4 மணி நேரம். ஐஸ் பேக் வைத்த பையில் 24 மணி நேரம். ஃபிரிட்ஜில் 4 நாள். ஒழுங்காக வேலை செய்யும் ஃபிரீசரில் 6 மாதம் வரை நல்லது. அறை 15 டிகிரிதானே என்று 4 மணியை 10 மணியாக நீட்டாதீர்கள். வீட்டில் பால் பாத்திரம் பெரும்பாலும் இருக்கும் இடம் அடுப்பு மேடை, சமைக்கிற நேரத்தில் அது குளிரான இடமல்ல.

கோயம்புத்தூரிலோ வத்தலகுண்டிலோ தாய்வீட்டில் சேமித்த பாலை மலைக்குக் கொண்டுவந்தால், பால் சேமிக்கும் பைகளில் காற்றே இல்லாதபடி மூட வேண்டும். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து பை உப்பும், ஓரம் பிரிந்து ஒழுகும். பஸ்ஸில் டிரைவர் பக்கத்து எஞ்சின் பானெட்டின் மேல் அந்தப் பையை வைக்கக் கூடாது.

7. 2 வாரம் முன்: குழந்தையைப் பாலாடைக்குப் பழக்குதல்

பழக்குகிறவர் அம்மாவாக இருக்கக் கூடாது. அம்மாவின் வாசனை பக்கத்தில் இருக்கும்போது குழந்தை பாலாடையை ஏற்காது. பாட்டியோ அத்தையோ அப்பாவோ ஊட்டட்டும், நீங்கள் வேறு அறையில் அல்ல, வீட்டுக்கு வெளியே இருங்கள்.

அரைப்பசியில் தொடங்க வேண்டும். வீறிட்டு அழும் குழந்தைக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர முடியாது. மடியில் நிமிர்ந்த வாக்கில் உட்காரவைத்து, கழுத்தைத் தாங்கி, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். குழந்தையே நாக்கை நீட்டி உறிஞ்சும். வாய்க்குள் ஊற்றக் கூடாது. படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, சங்கால் புகட்டும் பழைய வழக்கத்தில் பால் மூச்சுக்குழலுக்குள் போகும் ஆபத்து உண்டு. முதல் இரண்டு மூன்று நாள் 10 மில்லி குடித்தாலே போதும்.

8. வேலை நாளின் ஒழுங்கு

எழுந்ததும் ஒரு முறை, கிளம்பும் கடைசி நிமிடத்தில் ஒரு முறை நேரடியாகப் பால் கொடுங்கள். வேலையிடத்தில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும், உத்தேசமாக 11 மணிக்கும் 2 மணிக்கும். வேலை மும்முரத்தில் ஒரு வேளை தவறினால் பால் கட்டிக்கொள்ளும். கட்டிய பால் நின்றுவிட்டால் காய்ச்சல், சிவப்பு, வலி என்று மார்பு அழற்சி வரலாம். தொடர்ந்து தவறினால் சுரப்பே குறையும்.

எடுத்ததும் பாத்திரத்தை மூடி ஐஸ் பேக்குகளுக்கு நடுவில் வையுங்கள். தேயிலைத் தொழிற்சாலையில், இலையை உலர்த்தும் சூடான இயந்திரம் இருக்கும் பக்கம் பையை வைக்காதீர்கள். கழிப்பறையில் நின்று பால் எடுக்காதீர்கள். பூட்டக்கூடிய ஒரு அறை, ஒரு நாற்காலி, கை கழுவத் தண்ணீர், இவ்வளவுதான் தேவை. சேருவதற்கு முந்தைய வாரமே மேலதிகாரியிடம் கேட்டுவிடுங்கள்.

வீடு திரும்பியதும் முதல் வேலை பையைக் காலி செய்வது: பால் ஃபிரிட்ஜுக்கு, ஐஸ் பேக் ஃபிரீசருக்கு. பிறகு கைகால் கழுவிவிட்டுக் குழந்தைக்குப் பால். திரும்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டில் ஊட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். வயிறு நிறைந்த குழந்தை உங்களிடம் குடிக்காது.

9. வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு

இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுவதோடு நிறுத்தாமல், ஒருமுறை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள்.

பழைய தேதியுள்ள பாத்திரத்தை முதலில் எடுக்க வேண்டும். உறைந்த பாலென்றால் முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும். முழுக்க இளகியபின் 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது.

மேலே ஆடைபோல் கொழுப்பு தனியாக நிற்கும். கெட்டுவிட்டது என்று பலர் கொட்டிவிடுகிறார்கள். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். உறைந்து இளகிய பாலில் சிலருக்குச் சோப்பு வாடை வரும். கொழுப்பைப் பிரிக்கும் நொதியின் வேலை அது, பால் கெடவில்லை. புளித்த வாடை வந்தால் மட்டும் கொட்டுங்கள்.

பால் பாத்திரத்தை வெதுவெதுப்பான நீருள்ள கிண்ணத்தில் சில நிமிடம் வைத்து, மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். சூடாகவோ சில்லென்றோ தெரியாமல் இருப்பதே பதம். நேரடியாக அடுப்பில் காய்ச்சக் கூடாது, நோய் எதிர்ப்புப் பொருள்கள் அழியும். மைக்ரோவேவிலும் வைக்கக் கூடாது, ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் இருந்து குழந்தையின் வாய் வெந்துவிடும். மலைக் குளிரில் நீர் சீக்கிரம் ஆறிவிடும் என்று கொதிநீரில் வைப்பவர்கள் உண்டு. அதற்குப் பதில், கிண்ணத்து நீரை இரண்டாம் முறை மாற்றுங்கள். வாய் வைத்த பால் மீந்தால் 2 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும்.

ஆறு மாதம் நிறையும்வரை தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கூடாது. குளிருக்கு இதமாக இருக்கும் என்ற அன்பில்தான் கொடுக்கிறார்கள், அதனால் “கொடுக்காதீங்க அத்தை” என்பதோடு காரணத்தையும் சொல்லுங்கள்: சின்ன வயிற்றில் அவை பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தேனில் குழந்தையின் நரம்பைத் தாக்கும் கிருமி இருக்கலாம்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. அறை சூடாக இருக்கட்டும் என்று கரிச்சட்டியைக் கொண்டுவந்து கதவையும் ஜன்னலையும் சாத்தக் கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். பால் சூடாக்கவும் அதை அறைக்குள் வைக்க வேண்டாம். குழந்தைக்கு, பெரியவர்கள் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூடுதல் உடை போதும்.

10. மின்சாரம் போனால்

மழைக்காலத்தில் கம்பியின் மேல் மரம் விழுந்தால் மின்சாரம் திரும்பப் பல மணி நேரம் ஆகும். மூடியே வைத்த ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். பால் குறைவாக இருந்தால் மீதி இடத்தில் தண்ணீர் நிரப்பிய பாத்திரங்களை உறையவைத்து நிரப்பிவிடுங்கள். ஃபிரிட்ஜில் இருந்த பாலை 4 மணி நேரம் ஆவதற்குள் ஐஸ் பேக் பைக்கு மாற்றுங்கள். ஃபிரீசர்ப் பாலில் பனிக்கட்டி இன்னும் தெரிந்தால் அது உறைந்த பால்தான், அப்படியே வைக்கலாம். முழுக்க இளகியிருந்தால் ஃபிரிட்ஜுக்கு மாற்றி 24 மணி நேரத்துக்குள் கொடுங்கள்.

11. பால் போதுகிறதா என்று பார்ப்பது

நாளுக்கு ஆறு முறையாவது வெளிர் நிறத்தில் சிறுநீர் போக வேண்டும். உறிஞ்சும் டயபர் கட்டினால் இதை எண்ண முடியாது, முதல் வாரம் பகலில் துணி கட்டச் சொல்லுங்கள். தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் எடை பார்த்து அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள், கனத்த கம்பளி உடையைக் கழற்றிவிட்டு. பகலில் குறைவாகக் குடித்துவிட்டு இரவில் அடிக்கடி எழுந்து குடிக்கும் குழந்தைகள் பல. எடை ஏறினால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

சிறுநீர் குறைந்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ, குழந்தை எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் மார்பில் கட்டியோடு காய்ச்சலும் வந்து 24 மணி நேரத்தில் தணியாவிட்டாலும் அப்படியே. அந்த நேரத்திலும் பால் கொடுப்பதையோ பீய்ச்சுவதையோ நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் கட்டு இறுகும்.

ஆறு மாதம் நிறைந்ததும் நன்றாக வெந்த கேழ்வரகுக் கூழ், குழைந்த சோறும் பருப்பும், மசித்த உருளைக்கிழங்கும் கேரட்டும் பகலில் சேரும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் காய்ச்சிக் கொடுக்கலாம். அப்போது வேலையிடத்தில் எடுக்கும் இரண்டு வேளையில் ஒன்றைக் குறைக்கலாம், ஒரே நாளில் அல்ல. மூன்று நாளுக்கு ஒருமுறை 5 நிமிடம் வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் பால் கட்டாது.